பகிடிக்காரன் வோட்டுக் கேட்டபோது

பிரதேச சபைக்கு நிற்கப்போவதாக மச்சான் சொன்னபோது, எங்கள் வாட்ஸப் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வீடியோவுக்கான கதை என்றுதான் நினைத்தோம். அவனுடைய பகிடி வீடியோக்களைப் படம்பிடிப்பவன் நான். மீனவர் சங்கத் தலைவரின் நடை, கந்தோரில் "நாளைக்கு வாங்கோ" சொல்லும் ஐயாவின் கொட்டாவி என்று அவன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பாதி மன்னார் அவனை ரசித்தது. மீதி அவனை அடிக்கத் தேடியது. தேர்தலுக்குக் கட்டுப்பணம் கட்டிவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் எங்கள் சிரிப்பு நின்றது.

முதல் கூட்டத்தை ஞாயிறு பூசை முடிந்ததும் கரையில் வைத்தோம். அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை, ஆள் சேரும். வெள்ளைச் சட்டையோடு மைக்கைப் பிடித்தான்.

"இழுவைப்படகு வந்து எங்கட வலையளை அறுத்துக்கொண்டு போகுது."

கொஞ்சம் நிறுத்தினான். கரையே சிரித்தது.

"பகிடியில்லை, உண்மையாச் சொல்லுறன்."

மறுபடி நிறுத்தினான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. வீடியோக்களில் பகிடி விட்டதும் சனம் சிரிக்க இடம் கொடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் அவன் வாய் தானாக நின்றது. சனமும் பழக்கத்தில் சிரித்தது.

போன கிழமை வலையைப் பறிகொடுத்த அக்கா ஒருவர் முன்வரிசையில் இருந்து எழும்பினார்.

"தம்பி, என்ர வலை போனது உனக்குப் பகிடியாக் கிடக்கோ?"

"ஐயோ அக்கா, நான்..." நிறுத்தினான்.

பின்னால் யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். அக்கா விறுவிறுவென்று போய்விட்டார். மற்றப் பெண்களும் அவர் பின்னாலேயே போனார்கள்.

"அவ போடாட்டி இந்தக் கரையில ஒருத்தரும் வோட்டுப் போடமாட்டினம்," என்றான் மச்சான். "இனி நான் நிப்பாட்டினா முதுகில கிள்ளடா."

அக்காவின் வாசலில் போய்க் கெஞ்சினோம். அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வந்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மச்சானின் பின்னால் நின்று கிள்ளினேன். கிள்ளக் கிள்ள, செபமாலை சொல்லும் வேகத்தில் ஓடினான்: வலை, நட்டஈடு, கரைக்கு லைட். பாதி எனக்கே விளங்கவில்லை. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் அக்கா கிட்ட வந்தார். "இண்டைக்குத்தான் மனிசன் மாதிரிக் கதைச்சனி. போடுறன், போ."

அவர் போன பிறகு மச்சான் மைக் வயரைச் சுருட்டினான், அவிழ்த்தான், திரும்பச் சுருட்டினான்.

"ஒருத்தருமே சிரிக்கேல்லயடா."

"அதுக்குத்தானே கிள்ளினது?"

"ஓம்," என்றான். "ஒருக்காக்கூடச் சிரிக்கேல்ல, என்ன?"