ஒற்றைக் குறியா, இரட்டைக் குறியா?

திரையை நான்கு மடங்கு பெரிதாக்கி, மூக்கு இடிக்கிற தூரத்தில் குனிந்து, மேற்கோள் குறி நேராக நிற்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு அதை அழித்துவிட்டுத் தன் விரலாலேயே மறுபடி அடிக்கிறார். "ஒட்டுன குறியை நம்பவே கூடாதுப்பா. எங்கிருந்து வந்துச்சோ, யாரு கண்டா?"

தரவுத்தள மென்பொருளுக்குக் கையேடு எழுதும் எங்கள் அறையில் அவருக்குப் பெயர் சி.ஐ.டி. அக்கா. சாப்பிடப் போகும்போது விசைப்பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். வந்ததும் முதல் கேள்வி: "யாராவது என் பக்கத்தைத் தொட்டீங்களா?" தொட்டிருக்கமாட்டோம். அவர் நம்பமாட்டார். பக்க வடிவமைப்பாளர் மேல் மட்டும் தீராத சந்தேகம். "அவனுக்குப் பார்க்க அழகா இருந்தாப் போதும். அர்த்தம் எக்கேடு கெட்டா என்ன!"

அவர் பயம் வெறும் பயமல்ல. ஒரு சொல் ஒற்றைக் குறிக்குள் இருந்தால் எங்கள் மென்பொருள் அதை வெறும் சொல்லாகப் படிக்கும். இரட்டைக் குறிக்குள் இருந்தால் அட்டவணையின் ஒரு நெடுவரிசைப் பெயராகப் படிக்கும்.

போன மாதம் ஒரு மருத்துவமனை எழுத்தர் தொலைபேசியில் அழுதார். ரத்தான சந்திப்புகளை அழிக்கும் எடுத்துக்காட்டைக் கையேட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். அதில் ரத்து என்ற சொல் இரட்டைக் குறிக்குள் இருந்தது. அவர்கள் அட்டவணையில் அதே பெயரில் ஒரு நெடுவரிசையும் இருந்தது. மென்பொருள் அந்தச் சொல்லைத் தேடாமல் நெடுவரிசையோடு ஒப்பிட்டு, ரத்தாகாத சந்திப்புகளையும் அழித்துவிட்டது. "முந்நூறு பேரோட நேரம் போயிடுச்சுங்க. வாசல்ல வந்து நிக்கிறாங்க, நான் என்ன சொல்ல?"

மேலாளர் கேட்டார்: "யாரு குறியை மாத்தினது?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வடிவமைப்பாளரைக் கைகாட்டினார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார்."

அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "சத்தியமா நான் இல்லக்கா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றபடி திருத்த வரலாற்றைத் திறந்தார். நான்கு வருடம் பின்னால் போனார். நாற்பத்தொரு ஒற்றைக் குறிகள் ஒரே நாளில் இரட்டையாகியிருந்தன. பக்கத்தில் குறிப்பு: 'பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும்.' அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. இரண்டு தடவை மனதுக்குள் படித்தார். மூன்றாம் தடவை எல்லாருக்கும் கேட்கும்படி, தன் பெயரையும் சேர்த்துப் படித்தார்.

எழுத்தரை அவரே அழைத்தார். "தப்பு என்னோடதும்மா." பழைய நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்க இரண்டு நாளானது. இரண்டு நாளும் தொலைபேசியில் அவரோடு கூடவே இருந்தார்.

வடிவமைப்பாளரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எங்களை இன்னமும் அவர் நம்புவதில்லை. ஆனால், ஒரு பக்கம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்கார வைக்கிறார். "நல்லாப் பாரு. அடிச்சது நான்" என்று சொல்லிவிட்டு, அவன் பார்த்து முடிக்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.