படிக்கிற விரல்

என் அக்காவின் வலது கை ஆள்காட்டி விரல் இருபத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கிய விரல். மிகைப்படுத்தவில்லை. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போனது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடப் புத்தகங்களைப் பிரெயில் புள்ளிகளில் அடிக்கும் அச்சகத்தில் பிழை பார்ப்பது அவள் வேலை. எதிரே ஒரு அம்மா மூலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இடது விரல் வரியைப் பிடித்துக்கொள்ள, வலது விரலால் புடைத்த புள்ளிகளைத் தடவி அக்கா உரக்கப் படிப்பாள். ஒரே ஒரு புள்ளி சரியாக எழும்பாவிட்டாலும் நின்றுவிடுவாள். அச்சகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளுக்கும் அதில் பெருமைதான்.

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னோடு இருக்கிறாள். என் மனைவி காலை ஏழு மணிக்கே வேலைக்கு ஓடுகிறவள் என்பதால் காலைச் சமையல் அக்காவுடையது. கேஸ் அடுப்பின் குமிழைத் திருகி லைட்டரைச் சொடுக்குவாள். தீ எரிகிற சத்தத்தை வைத்தே சின்னதா பெரியதா என்று சொல்வாள். ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பாள். ஒரு நாள்கூட அவள் சுட்டுக்கொண்டதில்லை. கண் இரண்டும் நன்றாக இருக்கிற நான்தான் மாதத்துக்கு ஒருமுறை கையை வெந்நீரில் விட்டுக்கொண்டு குதிப்பேன்.

போன வருடம் ஒரு விடுமுறை நாளில் டீக்குப் பாலை வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டேன். பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா வாடை பிடித்து ஓடி வந்து, குமிழை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தாள். நான் உள்ளே வந்தபோது, "வா ராசா, வீட்டையே கொளுத்தப் பார்த்தியே," என்று சிரித்தாள்.

இதில் நியாயமாக எனக்கு என்னைப் பற்றித்தானே பயம் வந்திருக்க வேண்டும்? அதுதான் இல்லை. குமிழை மூடிக் காப்பாற்றியவளைப் பற்றிப் பயம் வந்தது. கண் தெரியாத மனுஷி தனியாகக் கேஸோடு மல்லுக்கட்டுகிறாளே என்று அன்றைக்குத்தான் ஞானோதயம். மறுநாளே இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கப் போய்விட்டேன்.

கடைக்காரப் பையன் வாயில் தேன் ஒழுகியது. "சார், தீயே கிடையாது. அடுப்பு சுடாது, பாத்திரம் மட்டும்தான் சுடும். நீங்க கைய வச்சே பாக்கலாம்." கையை வைத்தும் காட்டினான். பாத்திரம் சுட்டால் அதன் அடியில் இருக்கிற கண்ணாடியும் சுடும், பாத்திரமே ஏற்றாத அடுப்பில்தான் அவன் கை வைத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதே வசனத்தை அப்படியே ஒப்பித்தேன்.

"அக்கா, இது சுடவே சுடாது. பாத்திரம் மட்டும்தான் சுடும். இனிமே உனக்குப் பயமே இல்ல."

"எனக்கு எப்படா பயமா இருந்துச்சு?" என்றாள்.

அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. கேஸ் அடுப்பை என் மனைவியோடு வேலை செய்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்கா புது அடுப்பைத் தடவினாள். ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை, வழவழவென்று ஒரே கண்ணாடி. எந்தப் பொத்தானைத் தொட்டாலும் ஒரே மாதிரி 'கீ' என்றது. "இதுல எது எங்கடா இருக்கு?" என்று கேட்டவளின் கையைப் பிடித்து நானே காட்டிக் கொடுத்தேன். கையை எடுத்ததும் தொலைந்துபோனது. அந்த ஒரு வாரத்தில் சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் வேகவில்லை. கண்ணாடியில் வரைந்திருக்கிற வட்டத்தை விட்டுப் பாத்திரம் நகர்ந்தால் அடுப்பு தானாக அணைந்துவிடும், அவளுக்குத் தெரியாது. எட்டாம் நாள் காலை ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். "பசியில்லடா," என்றாள். பச்சைப் பொய்.

நான் ஹார்டுவேர் கடை கவுண்டரில் பத்தொன்பது வருடமாக நிற்கிறவன். ஒழுகுகிற பைப்போ, ஆடுகிற கதவோ, எதற்கும் என்னிடம் ஒரு மருந்து இருக்கும். இரண்டு டியூபைக் கலந்தால் கல்லாக இறுகும் பசை ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டும், வட்டத்தைச் சுற்றி நான்கு சொட்டும் வைத்தேன். காய்ந்ததும் கூப்பிட்டேன். அக்கா இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் தடவிப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது.

"அட! மண்டைக்குள்ள ஏதோ கொஞ்சம் இருக்குடா உனக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பசையை விற்கும்போது ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நான் சொல்லும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: சூடு படுகிற இடத்தில் போடாதீர்கள், இளகிவிடும். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். என் வீட்டில் அது என் நினைவுக்கே வரவில்லை. அடுப்புதான் சுடாதே என்ற நினைப்பு.

ஐந்து வாரம் நன்றாகப் போனது. சின்னப் பாத்திரங்கள் சொட்டுகளுக்கு உள்ளேயே உட்கார்ந்தன. பிறகு என் மனைவி இந்த அடுப்புக்கென்று அகலமான எவர்சில்வர் வாணலி ஒன்றை வாங்கி வந்தாள். அன்று அக்கா அதில் உருளைக்கிழங்கு வறுத்தாள், அரை மணி நேரம், முழுச் சூட்டில். வாணலி நான்கு சொட்டுகளின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது. வறுத்ததை இறக்கி வைத்துவிட்டு, பால் பாத்திரத்தை நடுவில் வைக்க வேண்டி, இரண்டு விரல்களாலும் சொட்டுகளைத் தேடி அழுத்தினாள்.

அவள் கத்தியதை நான் குளியலறையிலிருந்து கேட்டேன். இப்போதும் கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டு விரல்லயும் ஏதோ பிளாஸ்டிக் மாதிரி ஒட்டியிருக்கே, என்னம்மா இது?"

"பாத்திரத்தோட கைப்பிடி உருகிடுச்சு டாக்டர்," என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த பாத்திரம் ஒன்றுகூட இல்லை. அவள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பசையை எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த சொட்டுகளைப் பிளேடால் சுரண்டினேன். ஹாலிலிருந்து குரல் வந்தது.

"என்னடா பண்ற?"

"அக்கா, நான்தான்... இது என்னாலதான்..."

"கைப்பிடி உருகிடுச்சுன்னு சொன்னேன்ல? அவ்ளோதான். உன் பொண்டாட்டி கேட்டாலும் அதையே சொல்லு."

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. ஆறிய இடத்தில் புதுத் தோல் தடித்துப் பளபளவென்று வந்தது. கிள்ளினால்கூடத் தெரியவில்லை என்றாள். நரம்பில் உணர்ச்சி திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். நடுவிரலால் படித்துப் பழகப் பார்த்தாள். ஒரு சொல்லைப் பிடிக்க அரை நிமிடம் ஆனது, பிடித்ததும் பாதி தப்பு.

நான்காம் மாதம் அவளை அச்சகத்துக்கு அழைத்துப் போனேன். மேலாளர் நல்ல மனிதர். "அவசரமில்லம்மா, சும்மா படிச்சுப் பாருங்க," என்று மூன்றாம் வகுப்புப் பாடத்தில் ஒரு தாளைக் கொடுத்தார். நான் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பழைய பழக்கத்தில் ஆள்காட்டி விரலைத்தான் வைத்தாள். விரல் வரியின் கடைசி வரைக்கும் போனது, திரும்ப முதலுக்கு வந்தது. வாய் திறக்கவில்லை. எதிரே இருந்த அம்மாவுக்குத் தாங்கவில்லை. மூலப் புத்தகத்தைப் பார்த்து முதல் சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

"மழை..."

அக்கா அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளவில்லை. "நான் தப்பா படிச்சா புள்ளைங்க தப்பா படிக்கும்மா," என்று எழுந்துவிட்டாள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகலாமா என்று மட்டும் கேட்டாள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மேலாளர்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து உட்கார்ந்தாள். மதியம் முழுக்கத் தடவினாள். நான் கடைக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சத்தம் வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியில் அவள் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு படி."

வெள்ளைத் தாள். மேலே மேடு மேடாகப் புள்ளிகள். இத்தனை வருடம் கூடவே இருந்தும் அதில் ஒரு எழுத்தைக்கூட நான் அவளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியலையேக்கா. வெறும் புள்ளியாதான் தெரியுது."

"எனக்கு அதுகூடத் தெரியலடா," என்றாள்.