சுழி படித்தவள்

அம்மாவின் சீப்பு அக்காவின் உச்சந்தலையில் தடுக்கித் தடுக்கி நிற்கும். அங்கே அவளுக்கு இரட்டைச் சுழி. "ரெட்டைச் சுழிக்கு ரெண்டு தாலி ஏறும்" என்று சொல்லி, கிளேபாங்கிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அக்கா சிரித்துக்கொண்டே கோலாலம்பூருக்குப் படிக்கப் போய்விட்டாள்.

அங்கே அவள் படித்ததும் சுழிதான். கடுங்குளிரில் அணுக்களை ஒளியாலான பொறிக்குள் அடைத்துச் சுழற்றினால், அந்த வாயுவுக்குள் சின்னச் சின்னச் சுழிகள் பிறக்குமாம். தடவி அழிக்க முடியாதாம். எதிர்த்திசையில் சுற்றும் சுழி வந்து மோத வேண்டும். இல்லாவிட்டால் அதுவே நகர்ந்து ஓரத்துக்கு வந்து வெளியேற வேண்டும். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அவளை அழைத்த நேரத்தில்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தொலைத்தது. "அப்பா எழுந்து நடக்கட்டும், அப்புறம் போ" என்றார் அம்மா. ஆய்வுக்கூடம் காத்திருப்பதாகச் சொன்னது. அப்பா நடக்கவில்லை. அக்கா ரெம்பியாவில் எங்கள் வீட்டிலேயே தங்கி, பாச்சாங்குக்குப் போய் டியூஷன் எடுத்தாள். தங்கச்சி எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வரும்.

இதில் அம்மா வேறு, "எம்பொண்ணு சுழி படிச்சவ" என்று பெருமையடிக்கப் போய், எங்கள் குடியிருப்பான தாமானில் இருந்தவர்களெல்லாம் பிள்ளைகளின் தலையைக் காட்டிப் பலன் கேட்க வந்துவிட்டார்கள்! "ஆன்ட்டி, நான் படிச்சது கேஸ்ல சுத்துற சுழி லா" என்பாள் அக்கா. "கேஸா? அடுப்புலயா?" என்பார்கள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மகளை இழுத்துக்கொண்டு வந்தார். அவளுக்குக் கடலுக்கு அப்பால் சபா மாநிலத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. அனுப்ப இவருக்கு மனமில்லை. "இதுக்கும் ரெட்டைச் சுழி. கடல் தாண்டலாமான்னு பாத்துச் சொல்லும்மா." அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. அக்கா முதன்முறையாக ஒரு தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது ஓடுற சுழி ஆன்ட்டி. புடிச்சு வச்சா நடுவுலயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். அனுப்பிடுங்க."

அந்தப் பெண் விமானமேறிய அன்று மாலை, நாங்கள் அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். அம்மா எங்களையே பார்த்தபடி நின்றார்.

"ஊரான் பிள்ளைக்குச் சொன்னது உனக்கும்தானே? நீயும் போடி. அப்பாவ நாங்க பாத்துக்கிறோம்."

இதை அம்மா வாயால் கேட்க நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன்! அக்கா குனிந்து அப்பாவின் கைலியைச் சரிசெய்தாள்.

"அந்த லேப்ல என் எடத்துக்கு வேற ஆள் எடுத்துட்டாங்கம்மா. போன தீபாவளிக்கே."

அப்பா தன் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விடவேயில்லை.