மேனேஜரை நடுங்க வைத்த ஸ்விட்ச்

அவளுக்கு ஆபீஸில் ஸ்லோ அக்கா என்று பெயர். நடையிலும் பேச்சிலும் அவள் ஸ்லோ இல்லை. வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்குத்தான் மூச்சு வாங்கும். யார் எந்த ஸ்விட்சைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாலும், சோதித்துப் பார்த்துவிட்டு "ஸ்லோ" என்று உதட்டைப் பிதுக்குவாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

கணினிகளுக்கு இடையே போகும் தகவல், முகவரி எழுதிய சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகத்தான் போகும். அவற்றை வழியனுப்பும் பெட்டி ஸ்விட்ச். அவள் சோதிக்கும் ரகம் சொந்தமாக எதையும் முடிவு செய்யாது. வேறொரு கணினியில் இருக்கும் மென்பொருள் விதி போட்டுக் கொடுக்கும், இது தலையாட்டும். 'பழைய முகவரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுது' என்று விதி வந்தால்தான் பலதுக்குச் சாயம் வெளுக்கும். உள்ளே இருக்கும் சிப், 'இது என் வேலையில்லை' என்று பக்கத்து நோஞ்சான் புராசசரின் தலையில் கட்டிவிடும். வேகம் படுத்துவிடும். எவ்வளவு படுக்கிறது என்று அளப்பதுதான் அவள் பிழைப்பு. இதை மாமியாருக்கு விளக்கப் போய், மருமகள் தபால் கவரில் விலாசம் எழுதுகிறாள் என்று தெரு முழுக்கப் பரவியதுதான் மிச்சம்.

ஒரு நாள் காலை, டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் புது ஸ்விட்சோடு வந்தார்.

"மேடம், எத்தனை முகவரி மாத்தினாலும் இது அசராது."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க," என்றபடி அவள் விதியைத் தட்டினாள். பாக்கெட்டுகளைத் திறந்துவிட்டாள். முகவரி மாறித் திரும்பி வருபவற்றை எண்ணும் திரையில் முட்டை. ஒன்றுகூட வரவில்லை.

"ஸ்லோன்னு கூட சொல்ல முடியாதுங்க. இது செத்துப்போச்சு."

விற்பனையாளர் வியர்த்தார். பெட்டியைத் தட்டினார். கேபிளைப் பிடுங்கிச் சொருகினார். திரையில் அதே முட்டை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் வந்தார். ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றி உடம்பில் சுற்றியிருந்தார். பல் தந்தியடித்தது.

"ஏ... ஏசிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சும்மா. ரிமோட்ட அமுக்கினா மதிக்கவே மாட்டேங்குது."

"எப்போலேர்ந்து சார்?"

"இப்பதான். கொஞ்ச நேரமா."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். தான் தட்டிய விதியைத் திரும்பப் படித்தாள். முகவரியில் ஓர் எண் மாறியிருந்தது. போதாக்குறைக்கு, ஏதோ மென்பொருளை இறக்கிக்கொள்வதற்காக நேற்று சோதனை மேஜையிலிருந்து ஆபீஸ் இணைப்பில் சொருகிய கேபிளை அவள் பிடுங்கவே இல்லை. ஸ்விட்ச் சாகவில்லை. சொன்னதைச் சொன்னபடி, எல்லாப் பாக்கெட்டிலும், அதே ஆபீஸ் இணைப்பில் இருந்த மேனேஜர் அறை ஏசியின் முகவரியை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளத்தில் திணறிய ஏசி அணைந்து அணைந்து எழுந்து, எழும்போதெல்லாம் உச்சக் குளிரில் போய் நின்றது.

சொல்லாமல் மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். விற்பனையாளரின் முகத்தைப் பார்த்தாள், அழுதுவிடுவார் போலிருந்தது.

"தப்பு என் மேலதான்," என்று உடைத்துச் சொல்லி, பாக்கெட்டுகளை நிறுத்தினாள்.

விற்பனையாளருக்கு உயிர் வந்தது. "சந்தேகம் வேண்டாம் மேடம், இன்னொரு தடவை விட்டுப் பாத்துருவோம்! சார், நீங்க உங்க ரூமுக்குள்ள போய் நில்லுங்க."

"நானா?" என்றார் மேனேஜர். ஆனாலும் போனார்.

அவள் பட்டனைத் தட்டினாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து "ஐயோ!" என்று ஓர் அலறல்.

"வருது மேடம், வருது!" என்று விற்பனையாளர் குதித்தார்.

ஆபீஸ் கேபிளைப் பிடுங்கி, எண்ணைத் திருத்தி, முறையாக அளந்தாள். முகவரி மாற்றாமல் எவ்வளவு வேகமோ, மாற்றியபோதும் அதே வேகம். நம்பாமல் இன்னும் இரண்டு விதிகளைச் சேர்த்தாள். இம்மியும் குறையவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, "பரவாயில்லையே" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஸ்விட்சை வாங்கினார்கள். அந்த வாரம் முழுக்க மேனேஜர் மூக்கடைப்போடு கூட்டம் நடத்தினார். 'ஸ்விட்ச்' என்று சொல்ல வாயெடுத்த போதெல்லாம் தும்மல்தான் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.