அப்பாவின் வாசல் முறை

பாடசாலை வாசலில் எங்கள் புத்தகப் பைகளைத் திறந்து குண்டு தேடும் வேலை எங்களைப் பெற்றவர்கள் தலையில் வந்து விழுந்தபோது நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் எங்காவது ஒரு குண்டு வெடிப்பதும், மறுநாள் காலையில் எல்லாரும் வழக்கம்போல வேலைக்குப் போவதுமாக இருந்த காலம் அது. பெற்றோர்கள் முறை வைத்துப் பாடசாலை வாசல்களில் நிற்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் தமிழ்ப் பாடசாலைக்கும் அதே சட்டம்தான். தெருவில் இறங்கினால் சந்திக்குச் சந்தி தாங்களே சோதிக்கப்படுகிற மனிதர்கள், வாசலில் நின்று தங்கள் பிள்ளைகளைச் சோதித்தார்கள். இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் நித்திரை வேண்டும் அல்லவா?

ஒரு நாளைக்கு இரண்டு பேர் நிற்க வேண்டும். இரண்டு பேர் இல்லாவிட்டால் கதவு திறக்காது. நின்றவர்கள் எல்லாரும் களைத்தவர்கள். விடியும் முன்பே எழும்பிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துவிட்டு வருகிற அம்மாமார், துறைமுகத்தில் இரவு வேலை முடித்துக் கிறீஸ் மணத்தோடு நேரே வந்து நிற்கிற அப்பாமார். ஒருவர் என் பைக்குள் கையை விட்டபடியே கண்ணயர்ந்து போனார். நான் பையைப் பிடித்தபடி அவர் எழும்பும்வரை நின்றேன்.

அவர்கள் தேடிய குண்டு ஒருநாளும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் வெறும் சாப்பாட்டுப் பெட்டிகள்தான். எந்தப் பிள்ளையின் பெட்டி பாரமில்லாமல் இருக்கிறது, எந்தப் பிள்ளையின் பைக்குள் பெட்டியே இல்லை என்பது வாசலில் நின்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் ஆசிரியர்களின் காதில் ஒரு சொல் போட்டுவிடுவார்கள். இடைவேளையில் அந்தப் பிள்ளையை, கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டிப் பெட்டி தூக்க வரும்படி ஆசிரியர் அறைக்குக் கூப்பிடுவார்கள். போன பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வரும். வெண்கட்டிப் பெட்டி தூக்கக் கிடைத்தவர்கள்மேல் எங்களுக்கெல்லாம் பொறாமைதான். ஒரு சின்னப் பெட்டியைத் தூக்க ஏன் தினமும் ஆள் தேவைப்படுகிறது என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஜிந்துப்பிட்டியில் ஒற்றை அறை ஒன்றில் நாங்கள் மூவரும் இருந்தோம். தன் வாசல் முறையை அப்பா அளவுக்கு மீறிப் பெரிதாக எடுத்துக்கொள்வார். பையிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு கொப்பியையும் கடையில் சேலை மடிப்பதுபோல ஒழுங்கு பார்த்துத் திரும்ப வைப்பார். அதனால் வரிசை தெருவரை நீளும். என் முறை வந்தால், முன்பின் பார்த்திராத ஆளைப்போல, "பிள்ளைக்கு எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்பார். பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம்போல இருக்கும்.

அந்த வருடம் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் நானும் சேர்ந்திருந்தேன். "மரம் வளர்ப்போம்" என்பது தலைப்பு. தமிழ் ரீச்சர் எப்போதோ எழுதிய பேச்சு அது. வருடாவருடம் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குக் கைமாறி வந்தது. பாடசாலையில் இருந்ததோ ஒரேயொரு ஜாம் மரம், அதையும் தண்ணீர்த் தாங்கி வைக்க வெட்டப்போகிறார்கள் என்று கதை. நான் எங்கள் அறையில் அந்தப் பேச்சைச் சத்தம்போட்டுப் பாடமாக்கியதில் அப்பாவுக்கும் அது பாடமாகிவிட்டது. நான் எங்காவது தடக்கினால் திரைச்சேலைக்குப் பின்னால் சட்டை மாற்றிக்கொண்டே அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார்.

போட்டி அப்பாவின் வாசல் முறை அன்றே வந்தது. அப்பா முதலாளியிடம் முழுநாள் லீவு கேட்டு வாங்கிவிட்டார்.

"வாசலிலை நிண்டிட்டு, அப்பிடியே உள்ளுக்கை வந்து உம்மடை பேச்சைக் கேட்டிட்டுத்தான் போவன்," என்றார்.

எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. பரிசுகூடப் பெரிதில்லை. மேடையில், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று நான் பேசுவதை அப்பா கேட்க வேண்டும்.

போட்டிக்கு முதல் நாள் மாலை அப்பா வீட்டுக்கு வரவில்லை. புறக்கோட்டையிலிருந்து வருகிற வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தவர்களைப் பொலிஸார் இறக்கித் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் அப்பாவுடன் வேலை செய்தவர் வந்து அம்மாவை வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா என்னைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார். காலையில் அப்பாவைத் தெரிந்த, பொறுப்புச் சொல்லக்கூடிய யாரையாவது கூட்டி வரும்படி அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது.

"கடையிலை சாமான் வந்து இறங்கியிருக்காம். அப்பா அங்கைதான் படுப்பார்," என்று மட்டும் அம்மா சொன்னார்.

"நாளைக்கு வருவார்தானே?"

அம்மா "ஓம்" என்றார்.

காலையில் அம்மா அடுப்பு மூட்டவில்லை. எனக்குச் சாப்பாடு கட்ட வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு பாடசாலைக்கு நடந்தார். போனதும் அப்பாவின் இடத்தில் தானே நின்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அப்பா நிற்க வேண்டிய நாளில் இவர் ஏன் நிற்கிறார்? அதுவும் தலைகூட ஒழுங்காக வாராமல்.

அன்று அம்மாவோடு நின்றவர் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டுகிறவர். தமிழும் சிங்களமும் அவருக்கு ஒன்றுதான். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். என் பையைத் திறந்து பார்த்தார். சாப்பாட்டுப் பெட்டி இல்லை. என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் கதைத்ததை அம்மா பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார்.

"என்ன தங்கச்சி, மூஞ்செல்லாம் வீங்கியிருக்கு?"

"இவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், அண்ணை. தெரிஞ்ச ஆரும் வந்து பொறுப்புச் சொன்னால் விடுவினமாம்."

அவர் அடுத்த பிள்ளையின் பையைத் திறந்தபடியே யோசித்தாராம். "மணி அடிக்கட்டும். பிள்ளைங்க உள்ள போனதும் நானும் அதிபர் சேரும் போயிட்டு வர்றோம். நீங்க வாசல விட்டுப் போகாதீங்க."

"நீங்கள் இரவு முழுக்க வேலை செய்திட்டு வந்து நிக்கிறியள்..."

"தூக்கம் எங்க ஓடிறப் போகுது? நாளைக்குத் தூங்கலாம்."

மணி அடித்ததும் எங்கள் பாடசாலை அதிபர், பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் போடுகிற தன் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போவதை வகுப்பு யன்னலால் பார்த்தேன். கூடவே அந்தத் துறைமுகக்காரரும் போனார். பேச்சுப் போட்டிக்குப் பிரதம விருந்தினரைக் கூட்டி வரப் போகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் நான் அடித்துச் சொன்னேன். அம்மா வாசலில் தனியாக நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கிறவருக்குப் பொழுது போகவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

இடைவேளையில் தமிழ் ரீச்சர் என்னை வெண்கட்டிப் பெட்டி தூக்கக் கூப்பிட்டார். தன் இடியப்பத்தில் பாதியையும் ஒரு முழு முட்டையையும் எனக்குத் தந்தார். "வடிவாச் சாப்பிடும். மேடையிலை கத்திப் பேச வேணுமெல்லே," என்றார். பிறகு தன் சீப்பை எடுத்து என் தலையை இழுத்துப் பின்னிவிட்டார். பேச்சாளர்களுக்கு முட்டை கொடுப்பார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. வாயைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

போட்டி தொடங்கியது. சீட்டுக் குலுக்கியதில் முதலாவதாகப் பேச வேண்டியவள் நான். ஆனால் தமிழ் ரீச்சர் என் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். சிறந்த பேச்சைக் கடைசியில் வைப்பதுதான் முறை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். அப்போதும் என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாம் வகுப்பு குழுப்பாட்டு ஒன்றை இரண்டு தரம் பாடியது. விளையாட்டு சேர் மேடையேறி, யாரும் கேட்காமலே, பல் தீட்டுவதைப் பற்றிப் பேசினார். நடுவர்களாக இருந்த இரண்டு ஆசிரியைகளும் வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டார்கள். வெயிலும் வியர்வையுமாகப் பிள்ளைகள் நிலத்தில் நெளிந்தார்கள். தமிழ் ரீச்சர் மட்டும் மண்டபத்து வாசலைப் பார்த்தபடி, "இன்னொரு பாட்டுப் பாடுங்கோ," என்றார்.

பாட்டு நடுவில் நிற்க, அதிபர் உள்ளே வந்தார். கோட்டு கையில் இருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் அப்பா. துறைமுகக்காரர் வரவில்லை. அவருக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டதாம். அப்பா முதல் நாள் போட்ட சட்டையோடேயே இருந்தார். முகம் மழிக்கவில்லை. அதிபர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில், வகுப்பில் பிள்ளைகள் இருக்கிற சின்னக் கதிரை ஒன்றில் இருத்தினார். எங்கள் பிரதம விருந்தினர் அப்பாதானா என்று எனக்கு ஒரு நிமிடம் ஏமாற்றம். அடுத்த நிமிடம் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏமாற்றம் போய்விட்டது.

நான் "வணக்கம்" சொல்லித் தொடங்கினேன். மரங்கள் மனிதனின் நண்பர்கள் என்றேன். அப்பாவின் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைந்தன. நிழல் தருவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவை நின்றன. தலை மெல்ல முன்னால் சாய்ந்தது. அப்பா நித்திரையாகிவிட்டார். முதலாளியிடம் லீவு வாங்கி, முன்வரிசையில் வந்திருந்து, என் பேச்சின் நடுவில் நித்திரை! மழை வருவது பற்றிய பந்தி முழுவதும் மறந்துபோயிற்று. அடுத்த வரி எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. எப்படியோ முடிவுக்குத் தாவி, "நன்றி, வணக்கம்," என்றேன்.

பிள்ளைகள் கைகளைத் தூக்கினார்கள். தமிழ் ரீச்சர் சடக்கென்று எழும்பி, ஒரு விரலை உதட்டில் வைத்து, மறு கையால் எல்லாரையும் அமர்த்தினார். தூக்கிய கைகள் அப்படியே இறங்கின. மண்டபம் முழுவதும் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. அதிபர் அடிமேல் அடி வைத்துப் போய் ஒலிவாங்கியை நிறுத்தினார். ஒவ்வொரு வகுப்பாக எழும்பி, சப்பாத்துச் சத்தம் கேட்காமல் நுனிக்காலில் வெளியே போனார்கள். இத்தனை ஒழுங்காக எங்கள் பாடசாலை கலைந்ததை அதற்கு முன்போ பின்போ நான் கண்டதில்லை. மழைப் பந்தியை விட்டதற்குத் தண்டனை இது என்றே நான் நினைத்தேன். மேடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

பாடசாலை விடுகிற மணிக்குத்தான் அப்பா எழும்பினார். நாங்கள் மூவரும் வீட்டுக்கு நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அப்பா என் பக்கம் குனிந்தார்.

"நான் கொஞ்சம் கண்ணயந்து போனன், பிள்ளை. கடைசியிலை நல்லாக் கைதட்டினவையோ?"

"ஒருத்தரும் தட்டேல்லை," என்றேன். "ஒருத்தருமே தட்டேல்லை."

அப்பா நின்றார். என் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தச் சனத்துக்கும் வாகனங்களுக்கும் நடுவில், பலமாகக் கைதட்டத் தொடங்கினார். கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சந்தியில் காவலுக்குத் துவக்கோடு நின்ற ஆமிக்காரர் ஒருவரும் திரும்பிப் பார்த்தார்.

"பாக்கிறாங்கள். போதுமப்பா, காணும்," என்று அம்மா பாய்ந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. வீடு வந்து சேரும்வரை, தெருவென்றும் பாராமல், அந்தக் கைகளில் ஒன்றைத் தன் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டே நடந்தார். என் பேச்சுக்குக் கிடைத்த ஒரேயொரு கைதட்டலையும் நிறுத்திவிட்டாரே என்று நான் அன்று முழுவதும் அம்மாவோடு கதைக்கவில்லை.