அவளுக்காகக் குறைத்த ஒரு கட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவனந்தபுரம் கரமனையில் ஒரு கல்யாண மண்டபம், பகல் பதினோரு மணி. தாலி கட்டி முடிந்து, பந்தி தொடங்கும்வரை எங்கள் குழுவின் பாட்டு. குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீபோர்டுக்கு நான், ரிதம் பேடுக்கு ஒரு நண்பர், பாடுவதற்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவ்வளவுதான்.

அந்தப் பெண் பதினோரு வருடமாக எங்களோடு பாடியவள். வயதில் இளையவள், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அதற்கு முந்தைய வருடம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு பல மாதம் பேச்சே காற்றாகத்தான் வந்தது. மேல் ஸ்வரங்கள் இனி வருமா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் விடவில்லை. வாராவாரம் என் வீட்டுக்கு வந்து, பழைய சுருதியைவிட ஒரு கட்டை குறைத்துப் பாடிப் பாடி, ஒரு பாட்டை முழுசாகப் பாடும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

"இந்த ஒரு புரோகிராம் பாப்பம் அண்ணா. வந்தா வரட்டு. இல்லேன்னா மதி, விட்டுருவேன்" என்று சொல்லியிருந்தாள். மதி என்றால் போதும். மலையாளம் கலக்காமல் எங்கள் ஊரில் தமிழ் வராது.

அதே சமயத்தில் எனக்கு வேறொரு கிறுக்கு பிடித்திருந்தது. என் பழைய செட்டப்பில் இரண்டு கீபோர்டு, இரட்டை அடுக்கு ஸ்டாண்டு, கரண்டு போனால் தாங்குவதற்கு ஒரு சின்ன யுபிஎஸ், பை நிறைய வயர். சுமந்து சுமந்து இடுப்பு போயிற்று. எல்லாவற்றையும் ஒரே கீபோர்டில் அடக்கிவிட வேண்டும் என்று மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். "பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கதுக்குக்கூட இத்தர விசாரிக்க மாட்டாங்க" என்று என் மனைவி கிண்டல் செய்தாள்.

ஒருவழியாகப் புதுசு வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டிய சவுண்டுகள் ஒரு பட்டனைத் தொட்டால் வந்து நிற்கும்படி மெமரியில் போட்டு வைத்தேன். சுருதியைக் கூட்டிக் குறைக்கிற எண்ணை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அதைக் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம், என்ன பெரிய வேலை என்று விட்டுவிட்டேன். அவளுக்காக ஒரு கட்டை குறைக்க, கீபோர்டில் மைனஸ் இரண்டு வைக்க வேண்டும். சுமை குறையட்டும் என்று யுபிஎஸ்ஸையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் பாட்டை ஆண் பாடகர் பாடிவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் மைக்கை எடுத்தாள். நான் மைனஸ் இரண்டு வைத்துவிட்டுத் தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.

அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடியது. கீபோர்டு மறுபடி உயிர் பெற்றதும் மெமரி பட்டனை அழுத்தினேன். சவுண்டு அச்சு அசலாக வந்தது. ஆரம்பித்துவிட்டேன்.

பல்லவி நன்றாகவே போனது. இடையிசை வாசிக்கும்போதுதான் கீபோர்டின் திரையைப் பார்த்தேன். மைனஸ் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். அணைந்து எரிந்ததில் அது பழைய நிலைக்குப் போயிருக்கிறது. அவள் ஆபரேஷனுக்கு முன்னால் பாடிய சுருதியில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு வருடம் பழகிய சுருதி என்பதால் அவள் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நிறுத்தியிருக்கலாம். மைக்கில் "தப்பு என்னுடையது" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? முன்வரிசையில் பத்துப் பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கீபோர்டைப் பற்றி எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஒருவேளை பாடிவிட்டால் அவளுக்கே சந்தோஷம்தானே என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டு வாசித்தேன்.

சரணத்தில் மேலே போகும் இடத்தில் அவள் குரல் உடைந்தது. மறுபடி முயன்றாள். வெறும் காற்றுதான் வந்தது. மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டாள். மீதியை நான் கீபோர்டிலேயே வாசித்து முடித்தேன். அதற்குக் கை தட்டினார்கள்.

வெளியே ஆட்டோவுக்கு நின்றவள், "மதி அண்ணா. பாத்தாச்சுல்லா" என்று மட்டும் சொன்னாள். நான் வயரைச் சுருட்டிக்கொண்டே நின்றேன்.

பதினோரு நாள் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். கரண்டு, பூஜ்யம், இடையிசையில் நான் பார்த்தது, பார்த்தும் வாசித்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"நீங்க என்னைச் சமாதானப்படுத்தத்தான் இதச் சொல்லுதீங்க. எனக்கு அறியாதா அண்ணா? உண்மைன்னா அன்னைக்கே சொல்லியிருப்பீங்கல்லா?"

கீபோர்டைக் கொண்டுவருகிறேன், குறைத்த சுருதியில் ஒரே ஒரு தடவை பாடிப் பார் என்று கெஞ்சினேன். "வேண்டாம். அந்தச் சத்தத்த இன்னொரு வட்டம் கேக்க எனக்குத் திராணி இல்ல" என்றாள். பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

இப்போது அவள் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் வேலைக்குப் போகிறாள். கோயிலில்கூடப் பாடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். வழியில் பார்த்தால் சிரிப்பாள், பிள்ளைகளை விசாரிப்பாள். நான் இப்போதும் கல்யாணங்களில் வாசிக்கிறேன், யுபிஎஸ்ஸைச் சுமக்கிறேன், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அந்த எண்ணை இரண்டு தடவை பார்க்கிறேன். அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. அவள் குரல் கெட்டுப்போகவில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், நான் சொன்னால் மட்டும் அவள் நம்பமாட்டாள்.