பூவரசங்குழையோடு குடிவந்தவை

அந்தப் பூச்சியை முதன்முதலில் நான் நசித்தது என் சொந்தக் கழுத்தில். விளக்கு வைக்கிற நேரம். கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. கடிக்க வந்த நுளம்பென்று எண்ணி ஓங்கி அறைந்தேன். பிறகு எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்தும் என் மனைவி அன்றிரவு எனக்குச் சாப்பாட்டை முற்றத்தில்தான் வைத்தாள். நாய்க்கும் அங்கேதான் வைப்பது வழக்கம். நாய் என்னை மோந்து பார்த்துவிட்டுத் தன் சட்டியைவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்தது.

பச்சைக் கொத்தமல்லியைக் கசக்கி மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் வருகிற மணம் அது. பூச்சி என்னவோ பார்வைக்கு அழகானதுதான். பாசிப் பச்சை நிறத்தில், சின்னக் கேடயம் போல. நாற்றப்பூச்சி என்ற பெயர் இல்லாவிட்டால் யாரும் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

நாங்கள் புங்குடுதீவு இறுப்பிட்டிக்கு வந்து அப்போது சில மாதங்கள்தான். அதுவரை தெற்கே ஒரு நகரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. இரண்டு சூட்கேசுகளோடு வந்து, கலியாணம் முடிந்த கையோடு பூட்டிவிட்டுப் போன என் மனைவியின் சீதன வீட்டின் கதவைத் தோளால் இடித்துத் திறந்தோம். யாழ்ப்பாண நகரத்தில் உத்தியோகத்தில் இருந்த அவளுடைய தமையன், எனக்கு அத்தான், பார்க்க வந்தார். கூரை ஓட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னையும் அதே மாதிரிப் பார்த்தார்.

"தங்கச்சி, உது மனிசர் இருக்கிற வீடே? என்ரை வீட்டிலை பின்னறை சும்மாதானே கிடக்கு. ரண்டுபேரும் அங்கை வாங்கோ."

"தைப்பொங்கல் வரைக்கும் இருந்து பாப்பம் அண்ணை. சரிவராட்டி நீங்கள் பொங்கலுக்கு வரேக்கை உங்களோடையே வாறம்."

பின்னறை என்ற சொல் எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவர் நல்ல மனிதர். அதுதான் பயம். மைத்துனர் வீட்டுப் பின்னறையில் இருப்பவன் எப்படி இருமுவான் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். சத்தம் வராமல்தான் இருமவேண்டும். நானோ கடைத்தெருவுக்கே கேட்கும்படி இருமிப் பழகியவன். அதனால் பொங்கலுக்கு முன் இந்த வீட்டை வீடாக்கி, பின்வளவைத் தோட்டமாக்கிக் காட்டுவதென்று தீர்மானித்தேன்.

தோட்டத்துக்குப் பசளை வேண்டும்; பூவரச இலைக்குழை நல்ல உரம். வேலியில் பூவரசு தழைத்து நின்றது. மாரிமழை விட்டிருந்த ஒரு காலையில் ஏறி, ஒரு கொப்பு மிச்சமில்லாமல் குழை வெட்டினேன். வெட்டிய குழையைப் பச்சையாகவே மண்ணுக்குள் புதைக்கவேண்டும் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நிலத்தைக் கொத்தத் தொடங்கியதும் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வானமும் கறுத்தது. மழையைக் கண்டால் கடைக்காரனுக்கு வருகிற புத்தி ஒன்றே ஒன்றுதான்: சரக்கை உள்ளே எடு. குழையைக் கட்டுக்கட்டாகக் கட்டி, சமைக்கிற குசினித் தாழ்வாரத்தில் சுவரோடு சேர்த்து, பருப்பு மூட்டை அடுக்குவதுபோல அடுக்கினேன். ஈரம் ஏறாமல் அடியில் பலகையும் வைத்தேன். அடுக்கிய நேர்த்தியைக் காட்ட மனைவியைக் கூப்பிட்டேன்.

"வடிவாத்தான் கிடக்கு," என்றாள். "விலையையும் எழுதி வையுங்கோவன்."

குழை வாடத் தொடங்கியதும் அதற்குள் இருந்தவை வெளிக்கிட்டன. முதலில் சுவரில் ஒன்றிரண்டு. பிறகு அரிக்கன் லாம்பைச் சுற்றி ஒரு கூட்டம். அலுமாரிக்குள், தலையணை உறைக்குள், தேத்தண்ணிக் கோப்பைக்குள், பிட்டுக் குழலுக்குள்கூட. நான் செருப்போடு துரத்தினேன். அடித்த ஒவ்வொன்றும் சாகும்போது என்னை மனதாரச் சபித்துவிட்டே செத்தது. வேப்பிலைப் புகை போட்டேன். புகை தாங்காமல் வெளியே ஓடியவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். மடித்து வைத்த வேட்டிக்குள் ஒன்று என்னோடு கூடவே வந்திருக்கிறது. தீபாராதனை நேரம் அது பறந்து எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் வெறும் முதுகில் இறங்கியது. அவருக்குத் தெரியாமல் தட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டேன். கற்பூர மணம் நின்ற இடத்தை நான் இன்னொரு மணத்தால் நிரப்பிவிட்டேன். சனம் விலகி எனக்கு வழி விட்டது. அந்தக் கோயிலில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று என் மண்டையில் ஏறவே இல்லை. பக்கத்து வளவு அக்காதான் சொன்னார். வேலி மொட்டையானதால் இப்போது அவருடைய முற்றமும் எங்கள் முற்றமும் ஒரே முற்றம்.

"தம்பி, என்ரை பக்கத்துக் குழையையும் சேத்தெல்லோ வெட்டிப்போட்டீர். விடியப்புறம் நீர் இடுப்பிலை சாரத்தோடை நிண்டு பல்லு மினுக்கிற கோலத்தை நான் பாக்கவேண்டிக் கிடக்கு."

"குறை நினையாதேங்கோ அக்கா. இஞ்சை பூச்சித் தொல்லை தாங்க ஏலாமல் கிடக்கு. உங்கடை பக்கம் இல்லையோ?"

"எனக்கு எப்பிடி இருக்கும்? மரத்திலை இருந்ததுகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்க் குசினியிலை குடிவைச்சது ஆர்? நானே?"

"இப்ப என்னக்கா செய்யிறது?"

"என்ன செய்யிறது? பேர் வைச்சு வளரும்."

அன்றைக்கே கொப்பளம் உடைந்த கையோடு நிலத்தைக் கொத்தி, வாடிய குழை முழுவதையும் புதைத்தேன். ஆனால் பூச்சிகள் வீட்டைவிட்டுப் போகவில்லை. எப்படிப் போகும்? வேலியில் நிற்க ஓர் இலை இல்லை. வெளியே மழை. அவற்றின் நிலைமையை என் நிலைமையோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குக் கொஞ்சமும் விருப்பமிருக்கவில்லை. இருந்தாலும் இரவில் படுத்தபடி சுவரைப் பார்க்கையில், பொருள் பண்டம் இல்லாமல் புது இடத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கூட்டம் தெரிந்த முகமாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஒரு மத்தியானம் நான் செருப்பும் கையுமாக நிற்கும்போது மனைவி என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, அடியாதேங்கோ. இதைப் பாருங்கோ."

பழைய கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, சுவரில் ஊர்ந்த பூச்சிக்கு முன்னால் வைத்தாள். அது யோசித்தது. மீசையை ஆட்டியது. பிறகு தானாகத் தாளில் ஏறியது. தாளைக் கொண்டுபோய் வேலியில் உதறினாள். ஒரு துளி மணமும் இல்லை.

"பயந்தால்தான் அது நாறும்," என்றாள். "நீங்கள் செருப்போடை பாய்ஞ்சால் ஆருக்குத்தான் பயம் வராது?"

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்கு முன்னாலையும் ஆடியிலை இருந்து ஒரு தாள் வைச்சுக்கொண்டுதான் நிக்கிறன். நீங்கள் ஏறுறியள் இல்லை."

நான் செருப்பைக் கீழே போட்டேன். எனக்குப் பகிடி வராத மிகச் சில தருணங்களில் அது ஒன்று. அந்த மாதங்களில் யார் வந்து கதிரையில் உட்கார்ந்தாலும் நான் கடையையும் நெருப்பையும்தான் எடுத்து வைத்தேன். கேட்டவர்கள் முதலில் உச்சுக் கொட்டினார்கள். பிறகு வேலை இருக்கிறதென்று மெல்ல எழுந்து போனார்கள். அவளுக்கு மட்டும் எழுந்து போக இடமில்லை. பின்னறைதான் இருந்தது. அவள் அதற்கு ஓம் என்றால், காரணம் பூச்சியாக இருக்காது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

அதன்பிறகு நாங்கள் இருவருமாகத் தாளும் கையுமாக வீடெல்லாம் திரிந்தோம். முருகன் படம் போட்ட தாளில் ஏறியவை சீக்கிரம் ஏறின என்பது என் கணிப்பு. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கடைக் கதையை விட்டுவிட்டு, குழை புதைத்த நிலத்தில் நட்ட கத்தரிக் கன்றுகளைப் பற்றிப் பேசப் பழகினேன். அதற்குள் வேலியில் நட்ட கதியால்களில் பூவரசு செந்தளிர் விட்டு, இலையாகி, அக்காவின் கண்ணிலிருந்து என் சாரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக மறைத்தது. பூச்சிகளும் திரும்பிப் போகத் தொடங்கின. எல்லாம் அல்ல. சில எங்கள் வீட்டோடு பழகிவிட்டன.

பொங்கலன்று காலைப் பஸ்சில் அத்தான் வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கினார். விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து பொங்கலை வாயில் வைத்தவர், சுற்றிப் பார்த்தார்.

"சாமான் கட்டியாச்சே தங்கச்சி?"

அந்த நேரம் பார்த்து ஒன்று கூரையிலிருந்து அவருடைய வலது தோளில் விழுந்தது. நான் தாள் தேடி ஓடப்பார்த்தேன். மனைவி பதறவில்லை. பூச்சிக்கு முன்னால் விரலை வைத்தாள். அது ஏறியது. வேலிவரை நடந்துபோய் ஒரு தளிரில் விட்டுவிட்டு வந்தாள்.

"இல்லை அண்ணை, கட்டேல்லை. கத்தரிக் கண்டு இப்பதான் வேர் பிடிக்குது. நாங்கள் இஞ்சையே இருக்கிறம்."

எனக்கு வந்த சந்தோசத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் பொங்கல் போடட்டே அத்தான்?" என்று கத்தியபடி அவருடைய இடது தோளில் உரிமையோடு ஓங்கித் தட்டினேன். அந்தத் தோளில் இன்னொன்று இருந்ததை நான் பார்க்கவில்லை.

அத்தான் சட்டையைக் கழற்றிக் கிணற்றடியில் ஊறப்போட்டார். பிறகு தானே கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நாய் எழுந்து தள்ளிப் படுத்தது. மத்தியானச் சாப்பாட்டை என் மனைவி அவருக்கு அங்கேயே கொண்டுபோய் வைத்தாள்.

எனக்கு வீட்டுக்குள் வைத்தாள்.